புகழ்பெற்ற அல்பங்களை வரிசை மாற்றாமல் கேட்டால் எவை நிற்கின்றன?

காலிவீதிக்காரன்

நான் இசை படித்தவன் அல்ல. பாட்டுக் கேட்பவன், அவ்வளவுதான். இந்த வருடம் ஒரு முடிவெடுத்தேன். கட்டாயம் கேட்க வேண்டியவை என்று எல்லாரும் சொல்லும் அல்பங்களை ஜாஸ், ரொக், றெகே, ராப் என்று பார்க்காமல், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அதே ஒழுங்கில் கேட்பது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில் இதற்கு நேரம் தாராளம். காலி வீதி நெரிசல் ஒரு எல்பியின், அதாவது பெரிய இசைத்தட்டின், இரண்டு பக்கத்தையும் கேட்க விடும்.

ஒழுங்கு ஏன் முக்கியம்? எங்களில் பலருக்கு அல்பம் கேட்கிற பழக்கமே இருந்ததில்லை. பாட்டு வீட்டுக்கு வந்தது இலங்கை வானொலி வழியாக. கே.எஸ். ராஜாவோ அப்துல் ஹமீதோ அறிவிப்பார்கள், ஒரு படத்தில் ஒரு பாட்டு, அடுத்தது வேறொரு படத்தில். பிறகு கசெட் வந்தது. பட்டியல் எழுதிக் கொடுத்தால் கடையில் பதிந்து தருவார்கள். இளையராஜாவுக்கு அடுத்ததாக டிஸ்கோக் குழு பொனி எம், அதற்கு அடுத்ததாக எங்கள் நாட்டு ஆட்டப்பாட்டான பைலா ஒன்று. அந்தக் கலவை எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் ஒருவர் நாற்பது நிமிடத்தையும் ஒரே படைப்பாக யோசித்துச் செய்திருந்தால், அதைப் பிய்த்துக் கேட்பது அவருக்குச் செய்கிற நியாயம் இல்லை.

ஆகவே எனக்கு ஒரே அளவுகோல்தான். ஒரு பாட்டை இடம் மாற்றினால், அல்லது எடுத்துவிட்டால், ஏதாவது கெடுகிறதா? கெட்டால் அது அல்பம். கெடாவிட்டால் பாட்டுகளின் தொகுப்பு. தொகுப்பும் அருமையானதாக இருக்கலாம், அது வேறு விசயம்.

முதலில் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ'. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் நியூயோர்க்கில் பதிந்தது. ஐந்து உருப்படிகள். ஜாஸ் என்றாலே ஒன்றாக ஒலிக்கும் சுரக்கட்டுகள் வேகமாக மாறிக்கொண்டே இருக்கும், என் காது எங்கே நிற்பது என்று தெரியாமல் களைத்துவிடும். இதில் அப்படி இல்லை. ஒரு சுரவரிசைக்குள் போய் நின்று, அதை நிதானமாகத் திறந்து பார்க்கிறார்கள். ஆலாபனை கேட்டுப் பழகியவர்களுக்கு ஜாஸுக்குள் போக இதைவிட நல்ல வாசல் இல்லை.

முதல் உருப்படி 'சோ வட்' தொடங்கும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். பியானோவும் அடிச்சுரம் வாசிக்கும் பேஸும் தாளக்கட்டு இல்லாமல் மெல்ல ஏதோ பேசிக்கொண்டிருக்கும். பிறகு பேஸ் ஒரு கேள்வி கேட்கும், மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்வார்கள். இது சில சுற்றுப் போகும். மைல்ஸ் தனியாக நுழையும்போது ட்ரம் வாசிக்கும் ஜிம்மி கொப் சிம்பலில் ஓங்கி ஒன்று வைப்பார். அந்த ஓசை அடங்குமுன் ட்ரம்பெட் தன் முதல் வசனத்தைச் சொல்லி முடித்திருக்கும். பஸ் இரைச்சலிலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடைசி உருப்படியில் ஐந்து சுரவரிசைகள் அடுத்தடுத்து வரும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நிற்பது என்பது வாசிப்பவரின் விருப்பம். அதைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோனால் எல்லாம் குலைந்துவிடும். முழு அல்பம்.

ரொக் குழு பிங்க் ஃபுளொய்டின் 'டார்க் சைட் ஒஃப் த மூன்', 1973. இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடிகிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வெட்டு வைக்க இடமே இல்லை. 'மணி' பாட்டில் காசுப்பெட்டிச் சத்தத்தையே தாளமாகக் கோர்த்திருக்கிறார்கள். எண்ணிப் பாருங்கள், ஏழு வரும். மிஸ்ர சாபு தட்டத் தெரிந்த எவரும் கூடவே தட்டலாம். கிற்றார் தனியாக வரும்போது நாலுக்கு மாறிவிடும், பிறகு ஏழுக்கே திரும்பும். அதற்கு முந்திய உருப்படியில் கிளேர் டொறி என்ற பாடகி சொல்லே இல்லாமல் பாடுகிறார். அன்று அவருக்குக் கிடைத்தது 30 பவுண். இசையமைத்தவர்களில் ஒருவராகத் தன் பெயரைச் சேர்க்க 2004இல் வழக்குப் போட வேண்டி வந்தது. அதைப் படித்தபின் அந்தக் குரலை இன்னும் மரியாதையோடு கேட்கிறேன்.

பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்', 1967. கோபிக்காதீர்கள், என் அளவுகோலில் இது நிற்கவில்லை. வேறொரு வாத்தியக் குழுவாக வேடம் போடுகிறோம் என்று தொடங்குகிறார்கள், இரண்டு பாட்டுக்குப் பிறகு அந்த வேடத்தை மறந்துவிடுகிறார்கள், முடிவுக்கு முன்னால் திடீரென்று நினைவு வருகிறது. நடுவில் பல பாட்டுகளை எப்படி மாற்றி வைத்தாலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கடைசிப் பாட்டு மட்டும் கடைசியில்தான் இருக்க வேண்டும்.

மைக்கல் ஜாக்சனின் 'த்ரில்லர்', 1982. ஒன்பது பாட்டு, அதில் ஏழு அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள். ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கிறது. அதனாலேயே தொகுப்பு.

றெகே பாடகர் பொப் மார்லி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த நகரத்தில் அவர் முகம் ஒட்டிய ஓட்டோக்கள் ஓடுகின்றன. ஆனால் பெரும்பாலும் நாங்கள் கேட்பது 'லெஜன்ட்', அவர் இறந்து மூன்று வருடத்துக்குப் பிறகு, 1984இல் வேறு ஆட்கள் தொகுத்தது. இனிமையான பாட்டுகளை முன்னுக்கு வைத்தது. 1977இன் 'எக்ஸொடஸ்' கேளுங்கள். 1976 டிசம்பரில் கிங்ஸ்டனில் அவர் வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். மார்பிலும் கையிலும் காயம். நாட்டை விட்டு லண்டன் போய் அங்கே பதிந்த அல்பம் இது. முதல் பக்கம் முழுக்கக் குற்றமும் தண்டனையும் புறப்பாடும். இரண்டாம் பக்கம் காதலும் ஆறுதலும். ஓட்டோவில் தனியாகக் கேட்டால் 'த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்' கவலையே தெரியாத மனிதனின் பாட்டு. முதல் பக்கத்தைக் கேட்டுவிட்டு வந்தால், சுடப்பட்ட மனிதன் தன்னைத்தானே தேற்றிக்கொள்வது கேட்கும். 1983க்குப் பிறகு ஊரை விட்டுப் போன உறவுகள் இல்லாத வீடு எங்களுக்குள் எது? இந்த ஒழுங்கு எங்களுக்குப் புரியாமல் போகாது.

உங்கள் அபிப்பிராயம் சொல்லுங்கள். ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தெஹிவளை ராகம்

தம்பி, ஆசையாக வாசித்தேன். ஒன்றிரண்டு சேர்க்கிறேன். சுரவரிசை வேறு, ராகம் வேறு. மைல்ஸ் எடுப்பது வரிசை. ராகத்துக்குக் கமகம், அதாவது சுரத்தை அசைத்து எடுப்பது, வேண்டும், எந்தச் சுரத்தில் நிற்கலாம் எதில் நிற்கக்கூடாது என்ற கட்டு வேண்டும். இருந்தாலும் உங்கள் வாசல் என்ற பேச்சு சரிதான். நிதானமாக விரிப்பதுதான் எங்கள் காதைக் கவர்கிறது.

'சார்ஜன்ட் பெப்பர்' விசயத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எல்பியின் இரண்டாம் பக்கத்தைத் தொடங்குவது ஜோர்ஜ் ஹாரிசனின் பாட்டு. மற்ற மூன்று பீட்டில்ஸும் அதில் இல்லை. லண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்கள் தில்ருபாவும் தபேலாவும் தம்புராவும் வாசிக்கிறார்கள். ஹரிகாம்போதி ராகச் சாயல் எனக்கு நன்றாகவே கேட்கிறது. வட்டைத் திருப்பி ஊசியை வைத்ததும் தம்புரா வருகிறது என்றால், அந்த இடம் யோசித்து வைத்த இடம். பாட்டு முடிந்ததும் ஒரு சிரிப்புச் சத்தம் வரும், அதன் பிறகே இலேசான பாட்டுக்குப் போகிறார்கள். அந்தப் பக்கத்தையாவது தொகுப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

உங்கள் பட்டியலில் 'ஷக்தி' குழுவின் அல்பம் இல்லாதது எனக்குக் குறை. ஜோன் மெக்லொக்லின் கிற்றார், எல். சங்கர் வயலின், சாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம், ஆர். ராகவன் மிருதங்கம். 1975இல் நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் ஒரு கல்லூரி மேடையில் நேரடியாகப் பதிந்தது. மூன்றே உருப்படிகள். முதலாவது பதினெட்டு நிமிடம், புயல். நடுவில் ஐந்து நிமிடம்கூட இல்லாத மெல்லிய ஒன்று. மூன்றாவது அரை மணித்தியாலத்தை நெருங்கும். நடுவில் இருப்பதை எடுத்துவிட்டால் மூன்றாவதைக் கேட்க மனசுக்குத் தெம்பு இராது.

இன்னொன்றும் எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த சங்கர் சிறு வயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தகப்பனார் வி. லட்சுமிநாராயணா அங்கே இசை கற்பித்தார். அண்ணன் எல். சுப்பிரமணியமும் அந்த வீட்டுப் பிள்ளைதான். 1958 கலவரம் வந்து குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியது. அந்த வயலினைக் கேட்கும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

கொட்டாஞ்சேனை பேஸ்

அண்ணா, 'த்ரில்லர்' தொகுப்பு என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பேஸ் கிற்றார் வாசிக்கிறவன், அந்தக் காதால் சொல்கிறேன்.

இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். 'பீட் இட்', எடி வான் ஹேலனின் கிற்றார் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறது. அடுத்து 'பில்லி ஜீன்', ட்ரம்மும் பேஸும் மட்டும். கூட்டத்தை அப்படியே ஒரு அறைக்குள் சுருக்கிவிட்டார்கள். அந்த இறுக்கத்துக்குப் பிறகு 'ஹியூமன் நேச்சர்' வந்து யன்னலைத் திறக்கிறது. இந்த மூன்றையும் மாற்றி வையுங்கள், நிச்சயம் கெடும். முதல் பக்கத்தில் 'த கேர்ல் இஸ் மைன்' போன்றவற்றை நானும் காக்க மாட்டேன்.

எல்பியைப் பற்றிய ஒரு விசயமும் இருக்கிறது. ஒரு பக்கத்தில் நேரம் கூடக்கூட ஊசி ஓடும் பள்ளங்கள் நெருங்கும், சத்தம் மெலியும். 'த்ரில்லர்' முதலில் அப்படித்தான் நீண்டு போய் மெலிந்து கேட்டதாம். தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸும் ஜாக்சனும் பாட்டுகளைச் சுருக்கி, திரும்ப மிக்ஸ் செய்தார்கள். எது எங்கே எவ்வளவு நேரம் என்று அவ்வளவு மினக்கெட்டவர்கள் ஒழுங்கைச் சும்மா விட்டிருப்பார்களா?

மழைக்குருவி

எல்லாரும் ஐம்பது வருடத்துக்கு முந்தியதையே பேசுகிறீர்கள். எனக்கு அல்பம் என்றால் மாயா அருள்பிரகாசத்தின், அதாவது எம்.ஐ.ஏயின் 'கலா', 2007. முதல் அல்பத்துக்கு அப்பாவின் பெயர், இதற்கு அம்மாவின் பெயர்.

முதல் பாட்டிலேயே 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு' கேட்கிறது. இரண்டாவதில் உறுமி, அதுவும் சென்னைக் கலைஞர்களின் அடி. அந்தப் பாட்டில் 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டும் உண்டு. வீட்டில் இதைப் போட்டால் அம்மா சமையலறையிலிருந்து "இது எங்கட பாட்டெல்லோ?" என்று எட்டிப் பார்ப்பா. அடுத்த நிமிடமே அது எங்கள் பாட்டாக இராது. லண்டன், ட்ரினிடாட், லைபீரியா என்று எங்கெங்கோ போய்வரும். சின்ன வயதில் யாழ்ப்பாணம், பிறகு அகதியாக லண்டன் என்று அலைந்த ஒருத்தியின் தலைக்குள் இப்படித்தான் சத்தம் கேட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அரசியலில் அவர் சொன்ன எல்லாவற்றோடும் நான் ஒத்துப்போகவில்லை. அதற்கும் இந்த அல்பம் எனக்குப் பிடிப்பதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

காலிவீதி அண்ணாவின் அளவுகோலில் வைத்தால்: பதினோராவது 'பேப்பர் பிளேன்ஸ்'. பிரித்தானிய பங்க் குழு 'த கிளாஷ்' 1982இல் வெளியிட்ட பாட்டின் கிற்றாரின் மேல் கட்டியது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பன்னிரண்டாவது ஒன்று வருகிறது, அமெரிக்கத் தயாரிப்பாளர் டிம்பலாண்டோடு செய்தது, வேறு யாருடைய வீட்டிலிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் பதினொன்றில் நிறுத்திவிடுவேன்.

பழைய கசெட்

பிள்ளைகள், உங்கள் பேச்சு நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த அளவுகோலால் எங்கள் மண்ணின் இசையை அளந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' எல்லாம் அல்பத்துக்காகப் பிறந்தவை அல்ல. மேடைக்கும் வானொலிக்கும் பிறந்தவை. சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் ஆரம்பகாலப் பாட்டுகளும் சின்ன வட்டுகளில், பக்கத்துக்கு இரண்டாக வந்தவை. மூன்று நிமிடத்தில் ஒரு மெட்டை நாடு முழுக்க மனப்பாடம் பண்ண வைப்பது சின்ன வேலையா? நாற்பது நிமிடம் கேட்டால்தான் கலை என்றால் இவர்களை எங்கே வைப்பீர்கள்?

அப்புறம், ஒழுங்கு என்பது எங்களுக்குப் புதிதல்ல. கொழும்பில் ஒரு கலியாண வீட்டில் பைலா நொன்ஸ்டொப் தொடங்கினால் கவனியுங்கள். எந்தப் பாட்டு முதலில், எதற்குப் பிறகு எது, கிழவர்களும் எழுந்து வருவதற்கு எப்போது பழைய பைலாப் பாடகர் வோலி பஸ்தியனின் மெட்டைப் போடுவது, எப்போது எம்.எஸ். பெர்ணாண்டோவின் மெட்டை, எல்லாம் அந்த வாத்தியக்காரரின் கைக்குத் தெரியும். தாளம் அறாமல் அரை மணித்தியாலம் போகும். ஒரு பாட்டை இடம் மாறிப் போட்டால் மேடைக்கு முன்னால் ஆட்கள் கலைந்துபோவார்கள். உங்கள் அளவுகோலில் அதுவும் அல்பம்தானே? எழுதி வைக்காத அல்பம்.

பொனி எம்மைத் தம்பி கலவைக்குள் போட்டதால் இதையும் சொல்கிறேன். 1978 அல்பத்தில் தலைப்புப் பாட்டின் மேளம் அப்படியே ஓடிப்போய் 'ரஸ்புட்டீன்' ஆகிறது. வானொலியில் நாங்கள் 'ரஸ்புட்டீன்' மட்டுமே கேட்டோம். இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கேளுங்கள், சுகமாக இருக்கும்.

காலிவீதிக்காரன்

அண்ணை, நொன்ஸ்டொப் பற்றிச் சொன்னது இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பேச்சு. ஆம், அதுவும் அல்பம்தான். தனிப்பாட்டுச் சின்னது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். 'சுராங்கனி'யை அளக்க வேறு கோல் வேண்டும். அல்பம் என்று பெயர் போட்டு வருவதை மட்டும்தான் இந்தக் கோலால் அளக்கிறேன்.

பேஸ் தம்பி, நீங்கள் சொன்ன மூன்று பாட்டு வரிசையை நேற்றிரவு கேட்டேன். அந்தப் பதின்மூன்று நிமிடம் அருமையான கட்டு. ஆனால் நீங்களே முதல் பக்கத்தைக் கைவிடுகிறீர்கள். பாதி கட்டுக்கோப்பாக இருப்பதால் முழுவதும் அல்பமாகிவிடாது. என் தீர்ப்பு அப்படியே நிற்கிறது.

பாட்டுகள் ஒன்றோடு ஒன்று பேசும் அல்பம் எப்படி இருக்கும் என்பதற்கு ரொக் குழு ஃபிளீட்வுட் மெக்கின் 'ரூமர்ஸ்', 1977. ஒரே குழுவுக்குள் இரண்டு சோடிகள் பிரிந்துகொண்டிருந்த நேரம். ஸ்டீவி நிக்ஸ் 'ட்ரீம்ஸ்' பாட்டில் தன் பக்கத்தைச் சொல்கிறார். மூன்று பாட்டுத் தள்ளி லின்ட்சி பக்கிங்ஹாம் கோபத்தோடு தன் பக்கத்தைச் சொல்கிறார். கிறிஸ்டின் மெக்வி புதுக்காதலைப் பாடுகிறார், அதற்குப் பேஸ் வாசிப்பது அவர் பிரிந்துவந்த கணவர். இரண்டாம் பக்கத்தைத் தொடங்கும் 'த செயின்' ஒன்றுக்குத்தான் எழுதியவர்களாகக் குழுவின் ஐந்து பேரின் பெயரும் இருக்கிறது. முதல் பக்கம் முழுக்க ஆளாளுக்குக் குற்றம் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து பாடுகிறார்கள். இந்தப் பாட்டை வேறு எங்கே வைப்பது? இதை மென்மையான பொப் என்று தள்ளிவிடுகிறவர்கள் ஒருமுறை இந்த வரிசையில் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கியது. படம் இல்லை, நடிகர் இல்லை, பாட்டு வரியும் இல்லை. பாக்கை வீட்டில் சந்தித்தேன் என்று பெயர் வைத்த உருப்படியில், பாக்கின் தனி வயலின் இசை தன் பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு எங்கள் பாணி வயலின் உள்ளே வரும். விருந்தாளியை மறிக்காது, அவர் பேசி முடிக்கும்வரை காத்தும் நிற்காது, கூடவே பேசும். வி.எஸ். நரசிம்மனின் வில்லை அந்த இடத்தில் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். அடுத்த உருப்படியின் பெயரே 'நாங்கள் பேசினோம்' என்ற பொருளில் இருக்கிறது. இப்படித் தலைப்பிலேயே தொடரை வைத்த ஒன்றை, கடைகளில் பதிந்தபோது நடுவில் வேறு பாட்டைச் சொருகித்தான் நாங்கள் கேட்டோம். அது எனக்கு மனவருத்தம்தான்.

குருவி, 'கலா'வில் பன்னிரண்டாவதைப் பற்றி உங்கள் கட்சிதான் நானும். 'காட்டுக்குயிலு' வரும் இடத்தில் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவரே திரும்பிப் பார்த்தார், அவ்வளவு சத்தமாக வைத்திருந்தேன்.

ராகம் அக்கா, தம்புரா வரும் இடத்தைப் பற்றி நீங்கள் சொன்னது நல்ல வாதம். இருந்தாலும் ஒரு பக்கத்தின் தொடக்கம் மட்டும் போதாது என்பதே என் எண்ணம். 'ஷக்தி' இன்று மாலைக்கு வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணக் கதைக்கு நன்றி.

ஒரு நடைமுறை விசயம்: 'கைண்ட் ஒஃப் புளூ' தேடுபவர்கள் பழைய பதிப்பை எடுத்தால் கவனம். முதல் நாள் பதிந்த மூன்று உருப்படிகளும் நாடாப் பொறியின் வேகக் கோளாறால் கொஞ்சம் சுருதி கூடித்தான் பல வருடம் விற்பனையாகின. 1990களில் வந்த பதிப்புகளில்தான் திருத்தினார்கள். கூடவே வாசித்துப் பழகுகிறவர்களுக்கு இது முக்கியம்.

அடுத்த வாரம் ராப் பாடகர் நாஸின் 'இல்மாட்டிக்', 1994, இருபது வயதில் செய்தது, நாற்பது நிமிடம். அதன் பிறகு பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் வாசித்த பாக்கின் கோல்ட்பெர்க் மாறுபாடுகள். அவர் 1955இலும் 1981இலும் இரண்டு தடவை பதிந்திருக்கிறார். எதை முதலில் கேட்பது, அக்கா?

தெஹிவளை ராகம்

1981ஐ முதலில் கேளுங்கள், தம்பி. 1955 மிகுந்த வேகம், முப்பத்தெட்டு நிமிடத்தில் ஓடி முடிந்துவிடும். பழகாத காதுக்கு எல்லாம் ஒன்றாகவே கேட்கும். 1981 ஐம்பத்தொரு நிமிடம், ஒவ்வொரு மாறுபாடும் எங்கே கிளைக்கிறது என்று பிடிபடும். தொடக்கத்தில் வருகிற மெட்டை நன்றாக மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், முப்பது மாறுபாடுகளுக்குப் பிறகு அதே மெட்டுத்தான் திரும்ப வரும். கூல்ட் வாசித்தபடியே முணுமுணுப்பார், ஹெட்ஃபோனில் கேட்கும். அது பதிவுக் கோளாறு என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.

கொட்டாஞ்சேனை பேஸ்

'இல்மாட்டிக்' கேட்கும்போது ரயில் சத்தத்தோடு தொடங்கும் முதல் துண்டைத் தாண்டிப் போகாதீர்கள் அண்ணா. அதைக் கேட்டுவிட்டு வாருங்கள், 'த்ரில்லர்' சண்டையை அப்புறம் தொடரலாம்.